கல்தூசிக்கு ஒரு ஃபேன்

ஃபேன் வாங்குவது என்றால் கடைக்குப் போய், சுவிட்சைப் போட்டு, காற்று வருகிறதா என்று பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற மில்லுக்கு, தூசியை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன் வாங்கிப் பார்த்தால் தெரியும் சங்கதி.

கல்மாவைக் கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். ஓடுகிற ஃபேனுக்குள் போனால் அதுவே அரம். விரல் கனத்துக்கு இருந்த இறக்கை சில மாதத்தில் டப்பா மூடிபோல் ஆகி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி நிற்கும். தேய்ந்த இடத்தில் துண்டுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்போம். ஒரு பக்கம் கனம் கூடிச் சக்கரம் ஆடும். ஆட்டத்தில் பேரிங் போகும். இழுப்பு குறைந்துவிட்டதே என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவோம். வேகம் கூடினால் இறக்கை இன்னும் சீக்கிரம் தேயும். இதைத்தான் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். மூட்டை பிடிக்கிற அறையில் என் மகள் நிற்கிறாள். மாவு விழுகிற வாய்க்குப் பக்கத்தில் நின்று மூட்டை நிரம்புவதைப் பார்ப்பது அவள் வேலை. இருமல் வந்தது, போகவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்த ரூமை விட்டுத் தூசி போகணும், இல்லைன்னா நீங்க போகணும். இப்பவே பாத்துக்கிட்டா நுரையீரல் தப்பிக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "நான் போனா அந்த இடத்துல யாரை நிறுத்துவீங்க? ரெண்டு மூட்டை மாவை மூணு மூட்டையா தைச்சு அனுப்பிடுவாங்க."

யாரையும் நம்பாத ஜென்மம். இது யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

ஆக, தூசிதான் போயாக வேண்டும்.

மகளின் புருஷன் படித்தவர். மில்லில் பாதிப் பொறுப்பு அவருடையது. சொந்த மகனாக இருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

"மாமா, இந்த வளைஞ்ச இறக்கை ஃபேனைப் பாருங்க. கரண்ட் கம்மி. சத்தமே இருக்காது."

"சத்தம் போடாம என்ன பண்ணும்ங்க?"

"காத்தை இழுக்கும். காத்தோட தூசியும் வந்துடும்ல."

"வரும்ங்க மாப்பிள்ளை. வந்து எங்க உக்காரும்?"

அவர் ஃபோனில் தேட ஆரம்பித்தார்.

அவர் சொன்ன கடைக்கே போனோம். அங்கே இருந்தவன் ஓர் ஆமாம்சாமி. கல்தூசி தாங்குமா என்றால் தாங்கும். சூடு? தாங்கும். ஈரம்? தாங்கும். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கடல்ல தூக்கிப் போட்டா?"

"அதுக்குத் தனியா ஒரு மாடல் இருக்குங்கய்யா."

அடுத்து ஒருவன் மில்லுக்கே வந்தான். இவன் பதிலே சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டான். குழாய் எவ்வளவு நீளம், எத்தனை வளைவு, மாவு எவ்வளவு நைஸ், காற்று எவ்வளவு சூடு.

"ஃபேன் விக்க வந்தியா, கேஸ் எழுத வந்தியா?" என்றேன்.

"தூசியைப் பிடிக்கிற ஃபில்டர் பைக்கு அந்தப் பக்கம் ஃபேனை வச்சா இவ்வளவு தூசி படாதேங்கய்யா?"

"அந்தப் பக்கம் அடுத்தவன் சுவரு. போய் அவனைக் கேளு."

பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் மாவையே மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையோடு இரண்டு இடத்துக்கும் போனேன். உங்கள் ஃபேனுக்கு இதை ஊட்டிக் காட்டுங்கள் என்றேன். ஆமாம்சாமி அதற்கும் ஆமாம் என்றான், பாவம். வளைந்த இறக்கையின் முதுகில் மாவு அப்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் ஃபேன் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. கடை முழுக்க வெள்ளை. மாப்பிள்ளையின் சட்டையும்தான்.

கேள்விக்காரனுடையது பெரிய சக்கரம், மெதுவாகச் சுற்றுவது. தட்டையான, தடித்த இறக்கை. சத்தம் காது கிழிகிறது, ஆனால் போட்டதையெல்லாம் அந்தப் பக்கம் துப்பிவிட்டது.

"தேயாதா?"

"தேயும்ங்கய்யா. ஃபேன் கூட்டுக்குள்ளயும் இறக்கை மேலயும் போல்ட் போட்ட தகடு இருக்கு. அது தேயும், கழட்டி மாத்திக்கலாம்."

தேயும் என்று விற்கிறவனே சொல்கிறான். இதில் என்ன சூதோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் அதைத்தான் வாங்கினோம்.

மாட்டியதும் அறை தெளிந்தது. சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகளின் இருமலும் குறைந்தது. அப்பாடா என்று உட்காருவதற்குள் சுவர் மறுபடி வெளுக்க ஆரம்பித்தது. இருமலும் திரும்பியது. கேள்விக்காரனை ஃபோனில் பிடித்து, அவன் வாழ்நாளில் கேட்டிராத வார்த்தையெல்லாம் சொன்னேன்.

வந்தான். ஸ்பேனரால் குழாயைத் தட்டினான். சத்தம் மொத்தென்று கேட்டது.

"உள்ள மாவு அடைஞ்சு கிடக்குங்கய்யா. காத்து மெதுவா போனா தூசி குழாயிலயே படுத்துக்கும்." பிறகு காற்றைக் கூட்டிக் குறைக்கக் குழாய் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டின் கைப்பிடியைப் பார்த்தான். "இதை யாரு இவ்வளவு மூடினது?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். சத்தம் சத்தம் என்று புலம்பியவர் அவர்தான்.

"சத்தம் பொறுக்கலைன்னா பஞ்சை வச்சுக்கறதுதானே? கட்டின பொண்டாட்டி இருமறது காதுல விழலையா உனக்கு?"

'ங்க' போய்விட்டது.

"அவரை ஏன் கேக்கறீங்க? நான்தான் மூடினேன்" என்றாள் மகள்.

"நீயா?"

"பின்னே? விழற மாவுல பாதியை அது இழுத்துக்கிட்டுப் போகுது. நைஸ் மாவு, அதான் நல்ல சரக்கு. கண்ணெதிர்ல போறதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? ஒரு கை மாவு தரையில சிந்தினா நீங்க தொடப்பத்தோட வந்து நிக்கறீங்க."

"பாதியெல்லாம் இல்லைம்மா, கொஞ்சம்தான்" என்றான் கேள்விக்காரன். "அதுவும் வெளியில ஃபில்டர் பையில விழுந்துடும். எடுத்துக்கலாம்."

"விக்கறவர் அப்படித்தான் சொல்வீங்க."

என் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு. கேட்கச் சகிக்கவில்லை.

"மாவைப் பையில புடிச்சுடலாம்டி. உன் நுரையீரலை எந்தப் பையில புடிப்ப?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

குழாயைக் கழற்றிக் கொட்டினோம். தகட்டை முழுக்கத் திறந்து, வெல்டரைக் கூப்பிட்டு அப்படியே ஒட்டச் சொல்லி, கைப்பிடியை அறுத்து எறிந்தேன்.

"முழுசா திறந்தே வைக்கக் கூடாதுங்கய்யா, மோட்டாருக்கு..." என்றான் கேள்விக்காரன்.

"சூடாச்சுன்னா பெரிய மோட்டாரா கொண்டா."

"ரிப்பேருக்கு மூடணும்னா, மாமா?"

"அன்னைக்கு அறுத்துக்கலாம்ங்க மாப்பிள்ளை."

மறுநாள் காலை அறைக்குள் போனேன். தூசியை இழுக்கிற குழாய் வாய்க்கு முன்னால் ஒரு காலி சாக்கு தொங்குகிறது. இழுக்கிற இழுப்பில் அது வாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்க்காத மாதிரி மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்த அறையில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். மூக்கில் ஒரு துணி, அவளுக்கும் ஒன்று கட்டிவிட்டிருக்கிறேன். அவள் மூட்டையைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். என்னைத் திட்டுகிறாள் என்று தெரிகிறது, ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. இருமினாலும் கேட்காது. தோள் குலுங்கினால்தான் தெரியும்.

காலையிலிருந்து குலுங்கவில்லை. அதற்காக நாற்காலியை எடுத்துவிடுவேன் என்று அவள் நினைத்தால் அது அவள் பாடு.