மருந்து அடிக்காத அலமாரி

அந்தப் பட்டறையில் அலமாரிகளுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கதவைத் திறந்து மூடினார்கள், விலை கேட்டார்கள். அவளோ ஒவ்வொரு இழுப்பறையையும் வெளியே எடுத்து, காலியான பொந்துக்குள் தலையை நுழைத்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

"தலை மாட்டிக்கிச்சுன்னா அதையும் சேத்துத்தான் பில் போடுவாங்க, டாக்டரம்மா," என்றான் கணவன்.

அவள் டாக்டர் இல்லை. காது பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை. மகளுக்கு இழுப்பு. பிறந்தபோது கையளவே இருந்ததால் ஐந்து வயதாகியும் வீட்டில் அவள் குருவிதான். புதிதாக வாங்கிய பிளைவுட் அலமாரி படுக்கையறைக்கு வந்த நாளிலிருந்து குருவியின் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கியது. பசை, பாலிஷ், பூச்சி மருந்து, எந்த வாடையும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு முறை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

பட்டறையை நடத்தியவள் ஒரு தச்சு வேலைக்காரி. முழங்கை வரை மரத்தூள். "இத பாரு தங்கச்சி. பழைய மரம், வேற ஒரு வீட்டுலேருந்து திரும்பி வந்தது. பசையே கெடையாது, முழுக்க மர ஆணி. மேல தேன்மெழுகு மட்டும். மருந்து ஒரு சொட்டு அடிக்கல."

அவள் உள்ளே தலையை விட்டாள். எந்த வாடையும் இல்லை. மரவாடைகூட இல்லை. வெளியே எடுத்தபோது ஏனோ அவளுக்கு லேசாக மூச்சு வாங்கியது. குனிந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிளைவுட் அலமாரியை அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தார்கள். அன்றிரவே குருவி சத்தமில்லாமல் தூங்கினாள். மறுநாளும் அப்படியே. இன்ஹேலர் சமையலறை ஜன்னலோரம் தூசி படிந்து கிடந்தது. "மரம்னா மரம்தான்!" என்று கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டான். குருவி மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினாள்.

ஒரு மத்தியானம், துவைத்த துணிகளை அடுக்கும்போதுதான் அவளுக்கு அது கேட்டது. மெல்லிய விசில். இழுக்கும்போது ஏறி, விடும்போது இறங்கி, கடைசியில் தொண்டையில் ஏதோ தட்டியதுபோல் ஒரு சின்னத் தடங்கல். அந்தத் தடங்கலை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ இரவுகள் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். குருவி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அவள் தன் காதை உடனே நம்பிவிடவில்லை. வேலையிடத்தில், ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து மிகச் சின்ன ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எதுவும் அனுப்பாதபோதே தூக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. காத்திருக்கிற காதுக்கு எதுவும் கேட்கும். அதனால் பரிசோதிக்கிறவள் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, இருவரிடையே வழக்கமாக வரும் சண்டைக்குக் காரணமான கணவனின் பழைய சட்டைகளைக்கூட எடுத்துப் போட்டு, வெற்றுப் பலகையில் காதை வைத்தாள்.

இழுத்தது. விட்டது. தட்டியது.

அன்று சாயங்காலம் அதைவிட மோசமான ஒன்றைப் பார்த்தாள். குருவி அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டி நின்று, பலகையை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தாள். "மெதுவா... மெதுவா விடு. அம்மா இருக்கேன்ல?" என்றாள். வார்த்தை மாறாமல், குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாமல், இழுப்பு வரும் இரவுகளில் அவள் குருவிக்குச் சொல்வதேதான்.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது கேக்குதா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"எனக்கா? நீ திட்டுறதே எனக்குப் பாதிதான் கேக்குது," என்றான். ஆனால் அலமாரிப் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

சில நாட்களில் அலமாரிக்கு அடியில் மாவு கொட்டியது. மஞ்சளாக, சலித்ததுபோல மெல்லிய மாவு. பெருக்கினால் மறுநாள் காலை மறுபடியும். பலகையில் ஊசி முனை அளவு ஓட்டைகள். பட்டறைக்குப் போன் போட்டாள்.

"வண்டு விழுந்திருக்கு தங்கச்சி. மருந்து அடிக்காத மரம், அதுங்களுக்கும் புடிக்கும்ல?" என்றாள் தச்சு வேலைக்காரி. "கவலப்படாத. இத எடுத்துக்கிட்டு வேற தர்றேன்."

வண்டி கொண்டு வந்தாள். தச்சு வேலைக்காரியும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலமாரியைச் சாய்த்தார்கள். குருவி கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அலமாரி பாதி வாசலைத் தாண்டியது. குருவியின் கையிலிருந்து கிரேயான் உருண்டது. எழுந்து உட்கார்ந்தாள். தோள் இரண்டும் மேலேறின. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. உதட்டோரம் அந்த நீலம் வந்தது.

"உள்ள இழுங்க!" என்று அவள் கத்தினாள். "உள்ள இழுங்கன்னு சொல்றேன்ல!"

"புள்ளைய முதல்ல பாரு!"

"அதத்தான் பாக்குறேன், இழுங்க!"

இழுத்தார்கள். அலமாரியின் கால்கள் வாசலுக்கு உள்ளே வந்தன. குருவி ஒரு முறை இருமினாள், குனிந்து கிரேயானை எடுத்தாள், விட்ட இடத்திலிருந்து வரைந்தாள். சாய்ந்து கிடந்த அலமாரிக்குள்ளிருந்து விசில் வந்தது. தச்சு வேலைக்காரி சூடு பட்டவள்போல் கையை எடுத்தாள்.

"இதுக்கு முன்னாடி யாரு வீட்டுலக்கா இருந்துச்சு?"

"ஒரு குடும்பம். அங்க நெஞ்சுச் சளிக்காரர் ஒருத்தர் இருந்தாரு." தச்சு வேலைக்காரி கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். "இனிமே இது வேணாம், தேவப்படாதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாங்க. மனுஷன் நல்லாயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கல."

"எடுத்துட்டு வந்தப்புறம் அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கேக்கல தங்கச்சி."

கணவன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் வண்டு சாகும். ஆனால் வாசலைத் தாண்ட முடியாது. குழந்தையை நாலு நாள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு இங்கேயே மருந்து அடித்துவிடலாம்.

"அடிச்சா, அது மூச்ச இழுக்கும்ல?" என்றாள் அவள். "இழுத்தது எங்க போவும்?"

அவன் அலமாரியை நிமிர்த்தி, பழைய இடத்திலேயே தள்ளி வைத்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவள் அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒரு ஓட்டையும் விடாமல் தேன்மெழுகை ஊசியால் அடைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வந்தது. பலகை கனம் குறைந்து, தட்டினால் அட்டைப்பெட்டிபோல் ஒலித்தது. விசிலும் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காதை வைத்தபோது விசிலே இல்லை. வண்டு அரிக்கிற ஓசையும் இல்லை. அடியில் மாவும் கொட்டியிருக்கவில்லை.

கூடத்துக்கு ஓடினாள்.

குருவி பாயில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல நிறம். அவள் மகளின் முதுகில் காதை வைத்தாள். மூச்சு கண்ணாடிபோல் தெளிவாகப் போய் வந்தது. ஒரு விசில் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. உயிர் திரும்பி வந்தது. காதை எடுக்கப் போனாள்.

அப்போது அந்த மூச்சுக்கும் அடியில், வெகு ஆழத்தில் ஒன்று. கிர்... கிர்... கிர்... சின்னதாக, பொறுமையாக.

காத்திருக்கிற காதுக்கு எதுவும் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி வைத்தாள். எடுத்தாள். தன் காதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

"என்னங்க, இங்க வாங்க."

கணவன் வந்தான். "என்ன?"

"ஒண்ணுமில்ல. இவ முதுகுல காத வைங்க. ஏதாவது கேட்டா மட்டும் கையத் தூக்குங்க. பேச வேணாம்."

"நான் என்ன உன் பேஷண்ட்டா?" என்று சிரித்துக்கொண்டே மண்டியிட்டான். காதை வைத்தான்.

அவள் மின்விசிறியை நிறுத்தினாள். அவனுக்குப் பின்னால் போய், தன் முகம் அவனுக்குத் தெரியாதபடி நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. தூக்காதீங்க, தூக்காதீங்க என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தோளில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது.

பிறகு அவன் கை தரையிலிருந்து மேலே எழுந்தது.

குருவி கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு அவளும் கையைத் தூக்கினாள். அவள் படுத்திருந்த பாயில், வாய்க்கு நேர்கீழே, ஒரு சிட்டிகை மஞ்சள் மாவு இருந்தது.