பத்து நாள் கட்டு

கட்டை அவிழ்க்க ஆரம்பித்ததுமே அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கத்தரிக்கோலின் மழுங்கிய முனை துணிக்கு அடியில் போகும்போதே 'ஸ்ஸ்' என்று இழுத்தான். இன்னும் எதுவும் பட்டிருக்கவில்லை. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மருத்துவமனையின் இந்தக் கட்டுப்போடும் அறையில் அவள் பன்னிரண்டு வருடமாக நர்ஸ். மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள்கூட இப்படி இழுத்ததில்லை.

"பாரு. உன் செல்லம் பண்ணின வேலையை நல்லாப் பாரு," என்றான், வெளியே பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி. "கவ்விக்கிட்டு உலுக்கு உலுக்குன்னு உலுக்கிச்சு. விட்டாத்தானே?"

அவள் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு துளை, கீழே இரண்டு துளை. ஓரங்கள் சுத்தமாக இருந்தன. நாய் கவ்வி உலுக்கினால் தோல் பழந்துணி மாதிரி கிழிந்து தொங்கும். அப்படிக் கிழிந்த கைகளை டாக்டர் தைக்க அவள் பிடித்துக்கொடுத்திருக்கிறாள். இது ஒரே கடி. கடித்தது, தானாகவே விட்டிருக்கிறது. அப்படியென்றால் அண்ணன் பொய் சொல்கிறான். எதற்காக என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்று நாள் வகுப்புக்காக அவள் வெளியூர் போயிருந்தபோது நடந்தது இது. அவள் குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியில். தன் நாய் மிளகைக் கீழே அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அண்ணன் கையில் கட்டு, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் சங்கிலியோடு மிளகு. சோறு வைக்கப் போனபோது பாய்ந்துவிட்டது என்றான் அண்ணன். வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் நாயைக் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். பதினோராம் நாள் ஊசி போட்டுக் கதையை முடித்துவிட வேண்டும் என்பது அண்ணன் தானாகவே எழுதிக்கொண்டது.

"கிளப்ல கடிக்கக் கத்துக் குடுத்தா, அது கடிக்காம முத்தமா குடுக்கும்?" என்றான். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஒருவேளை அவன் சொல்வது சரியாக இருந்தால்?

மிளகு குட்டியாக இருந்தபோது அசைகிற எதையும் துரத்தும். அணில், சைக்கிள் சக்கரம், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பை. ஒருமுறை பூனையைக் கண்டு இழுத்த இழுப்பில் அவள் தோள்மூட்டு ஒரு மாதம் படுத்தியது. அதற்காகத்தான் நாய்ப் பயிற்சி கிளப்பின் மைதானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தடை தாண்டுவது, மோப்பம் பிடிப்பது, பயிற்சியாளர் கையில் மாட்டியிருக்கும் தடித்த சாக்கு உறையைப் பாய்ந்து கவ்வுவது. "கடிக்கப் பழக்க ஒரு வாரம் போதும்மா. விடப் பழக்கத்தான் ரெண்டு வருஷம்," என்பார் அவர். உண்மையாகவே இரண்டு வருடம் ஆனது. அதற்குப் பிறகு பூனை குறுக்கே ஓடினாலும் மிளகு ஒரு சொல்லுக்கு நின்றது. ஆனால் ஆசை போய்விடவில்லை. காது நுனியிலிருந்து வால் வரை நடுங்கும். நடுங்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்கும். அந்த நடுக்கத்தில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது முள்ளாகக் குத்தியது.

பயிற்சியாளருக்குப் போன் செய்தாள்.

"ஐயையோ. நம்ம கிளப் பேரைச் சொல்லிடலையே? போன மாசம்தான் மைதானத்துக்கு அனுமதி கிடைச்சிருக்கு."

"பேரு கிடக்கட்டும் மாஸ்டர். நாம பழக்கினதாலதான் கடிச்சுதா? ஆமாவா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நாயைப் பார்க்காம எப்படிம்மா சொல்றது?"

"வந்து பாருங்க."

"பத்து நாள் போகட்டுமே," என்றார். மூன்று வருடம் சிங்கம் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள் இப்படிப் பம்முவார் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் ஊரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து மிளகு இடது விலாவைத் தொட விடவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம்தான் வாகாகப் படுத்தது. அவள் சீப்பை எடுத்தாள். கறுத்த அடர்ந்த ரோமத்துக்குள் சீப்பு ஓர் இடத்தில் தடுக்கியது. விலக்கிப் பார்த்தாள். தோளிலிருந்து இடுப்புவரை நாலு தடிப்பு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். ஒன்றின் முடிவில் சதுரமாக ஒரு புண், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பெல்ட் கொக்கி. காயம் படிப்பது அவள் தொழில். இதைப் படிக்க அந்தத் தொழில்கூடத் தேவைப்படவில்லை.

துணி எடுக்க மாடிக்கு வந்த அண்ணி கூடையோடு நின்றாள்.

"சோறு வைக்கும்போது இல்ல," என்றாள் மெதுவாக. "கூட்டாளிங்களோட ஜீப்ல முயல் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பழக்கின நாய், பாருங்கடான்னு ஒரே பீத்தல். இது முயலைத் துரத்திக்கிட்டுப் போச்சாம். கிட்டப் போனதும் 'நில்லு நில்லு'ன்னு இவரு கத்தியிருக்காரு, சுட்டா நாய் மேல பட்டுடும்னு. நின்னுடுச்சாம். நின்னுக்கிட்டே திரும்பி இவரைப் பார்த்துச்சாம். முயல் ஓடிப்போச்சு. எல்லாரும் சிரிச்சாங்களாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"மறுநாளே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"உனக்கென்ன, சம்பளம் வருது, வீடு மாறிடலாம். நான் இங்கதானே கிடக்கணும்," என்று சொல்லிவிட்டு அண்ணி காயாத துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். அண்ணிமேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏழாம் நாள் அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினான். அவள் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். பெஞ்சுக்குக் கேட்கட்டும்.

"முயல் எப்படி இருந்துச்சு?"

அவன் முகம் சுருங்கியது.

"நில்லுன்னே, நின்னுச்சு. நின்னதுக்கு அடிச்சே. முயலைக் கடிக்கலைன்னு அடிச்சே. உன்னைக் கடிச்சதுக்குக் கொல்லணும்ங்கிறே. அது எப்பக் கடிக்கணும், எப்பக் கடிக்கக் கூடாது? நீயே சொல்லு, நான் பழக்கிடறேன்."

"அது நாய்டி. நான் உன் அண்ணன்."

"அதான் வெக்கமா இருக்கு."

மருந்து நனைத்த பஞ்சு அவள் விரலில் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் போதும், அவன் கூரைக்கு எகிறுவான். ஆனால் கை தன் பாட்டுக்கு மெல்ல ஒற்றியது, மெல்லச் சுற்றியது, முடிச்சைக் காயத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டது. அந்த ஒழுங்குமீதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"வீடு என் பேர்ல இருக்கு," என்று எழுந்தான் அண்ணன். "பத்து நாள் முடிஞ்சதும் நாயைத் தூக்க வண்டி வரும்."

"வரட்டும். காலி வீட்டைப் பார்த்துட்டுப் போகட்டும்."

பத்தாம் நாள் காலையில் நாய்க்கு நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். அவள் அங்கிருந்து நேராக மைதானத்துக்கு நடந்தாள். பயிற்சியாளர் கேட்டைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு வேண்டாமேம்மா."

"பார்க்காம சொல்ல முடியாதுன்னீங்களே. பார்த்துச் சொல்லுங்க."

மிளகின் விலாவைப் பார்த்ததும் அவர் வழிவிட்டார். இடது கையில் சாக்கு உறையை மாட்டிக்கொண்டு, வலது கையில் பிரம்பை எடுத்துக்கொண்டு, இருபது அடி தள்ளிப் போய் நின்றார். பிரம்பை ஓங்கினார். அதைக் கண்டால் மிளகு விளையாடக் கூப்பிட்ட குழந்தைபோல வாரை இழுத்துக்கொண்டு துள்ளும். இன்று அதன் பின்னங்கால்கள் மடங்கின. வயிறு புல்லில் ஒட்டியது. உதடு மேலேறி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த மூன்று வருடத்தில் அவள் கேட்டிராத சத்தம்.

பயிற்சியாளர் பிரம்பைக் கீழே போட்டார். பிறகு, அவசரமில்லாமல், உறையைக் கழற்றித் தனக்கு முன்னால் வீசினார். முன்பெல்லாம் உறை விழுந்த மறுகணம் மிளகு அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போகும். அதை மாட்டியிருந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்போது அது உறையைப் பார்க்கவில்லை. அவருடைய வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் தன் கையைப் பார்த்தார். பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் துணியவில்லை. அவள் தோல்வாரை முஷ்டியில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். விரல்கள் வெளுத்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்த புல்வெளியில் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.