ஐந்து பரிசுக்கு ஒரு சம்மதம்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் 'வசனம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோ கேமில் வரும் ஆட்களுக்குப் பேச்சு எழுதுவது அவன் வேலை. இந்த முறை அவன் தலையில் விழுந்தது காதல். கதாநாயகன் ஒரு படகோட்டிப் பெண்ணின் மனதைப் பிடிக்க வேண்டும். காதல் அனுபவம் பூஜ்யம் என்றாலும் கணக்கைப் பிரமாதமாகப் போட்டுவிட்டான். ஒரு பரிசுக்கு இருபது மதிப்பெண். நூறு சேர்ந்தால் அவள் "சம்மதம்" என்பாள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. புத்தி கெட்ட பிள்ளை, அதே கணக்கை நிஜத்திலும் போட்டான். கேம்களை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் பெண் எதிர் வரிசையில் இருந்தாள். ஒரு வருஷமாக அவள் மேல் அவனுக்கு உயிர். வாய் திறக்காமல் குடை, பேனா, ஹெட்போன், பூச்செடி என்று நான்கு கொடுத்தாகிவிட்டது. ஐந்தாவது அவன் டிராயரில் தயாராக இருந்தது.

அன்று காலை அவளிடமிருந்து பிழை அறிக்கை வந்தது. 'படகோட்டி ஐந்தாவது பரிசில் சம்மதிக்கிறாள். பொருளை வாங்கிக்கொண்டதற்காக யாரும் மனசைக் கொடுப்பதில்லை. திருத்தவும்.'

வசனத்துக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. ஒன்பது தடவை படித்தான். திருத்த வேண்டியது எதை? கேமையா, தன்னையா? அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் நேராக அவள் மேசைக்கே போய்விட்டான்.

"இந்த ரிப்போர்ட்... கேமைப் பத்தித்தானே?"

"பின்ன வேற எதைப் பத்தி?" அவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "ஹீரோ வர்றான், கொடுக்குறான், போறான். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்குறானா? நீங்க எழுதின முந்நூறு வசனத்துல ஒரு கேள்விகூட இல்லை."

"என்ன கேக்கணும்?"

"அதையும் நானே எழுதித் தரணுமா?"

ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் பேச்சு எழுதுகிறவன் முதல் தடவையாகத் தனக்காக ஒரு வரி பேசத் துணிந்தான். ஆனது ஆகட்டும் என்று கேட்டேவிட்டான்.

"என்னைப் பிடிச்சிருக்கா?"

"தெரியலை," என்றாள் அவள். "தெரியற அளவுக்கு நீங்க எங்க பேசினீங்க? சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வாங்க."

இது சம்மதமா, மறுப்பா? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வர்றேன். ஆனா என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது," என்றாள். அவள் குரல் நடுங்கியது. தன்னைவிட அவள் அதிகமாகப் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.