நோராவுக்கு லண்டன், எனக்கு இத்தாலியன்

என் புருஷன் ஜேக்கப் செஸ் போட்டிக்குத் தன் பெயரோடு நோராவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தபோது, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சொன்னதைக் கேட்டதும் மீனைக் கொஞ்சம் அழுத்திக் கழுவினேன்.

எங்கள் பங்குக் கோயிலில் திருவிழாவுக்கு முன்னால் அன்பியத்து ஆட்களுக்குப் போட்டி வைப்பார்கள். அன்பியம் என்றால் நாலைந்து தெருவாகச் சேர்ந்து கூடி ஜெபம் சொல்லும் குடும்பங்கள். எப்போதும் கேரம், மியூசிக்கல் சேர் என்று போகும். இந்த வருஷம் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, ஜோடி செஸ் என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் ஒரு காயை நகர்த்தினால் அடுத்த முறை கூட்டாளி நகர்த்த வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"ஜோடின்னா புருஷன் பொண்டாட்டி இல்லியா?" என்று கேட்டேன்.

"உனக்குக் குதிரை எப்படிப் போவும்னே தெரியாது லிண்டா. நோரா ஒரு வருசமா ஆடிக்கினு கீது."

நோரா பக்கத்துத் தெரு. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஜேக்கப்பை வாய் நிறைய "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் என் வயிறு எரியாமல் இருந்துவிடுமா?

பேசாமல் ஆட வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே ஓப்பனிங் தெரிந்திருக்க வேண்டுமாம். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, முதல் நாலைந்து காய்களை எங்கே வைப்பது என்று முன்னாலேயே படித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஈக்காட்டுத்தாங்கலில் கம்பெனி விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜேக்கப் நோராவுக்குப் போன் போடுவார். இத்தாலியனா, லண்டனா? இத்தாலியனில் வம்பு அதிகம், எதிராளி எங்கேயாவது இழுத்துவிடுவான். லண்டன் என்றால் யார் என்ன ஆடினாலும் நம் காய்களை ஒரே மாதிரி வைக்கலாம், புதுசாகக் கற்பவர்களுக்கு அதுதான் நல்லது. இப்படி அரை மணி நேரம். எங்கள் கல்யாணப் புடவைக்குக்கூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. தி.நகரில் முதல் கடையிலேயே கையைக் காட்டிவிட்டார்.

பேச்சைவிட அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஏதாவது சொன்னால் கண்ணை மூடி யோசிப்பார். "நல்ல பாயிண்டு" என்பார். நான் சொன்ன எதற்காவது இந்த மனுஷர் கண்ணை மூடி யோசித்திருக்கிறாரா? "சரி, சரி" என்பார், அவ்வளவுதான்.

நானும் பெயர் கொடுத்தேன். எனக்கு ஜோடி எதிர்வீட்டுப் பவுல்சாமி மாமா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காய் எப்படி நகரும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தினமும் 12பி பஸ்ஸில் ஜவுளிக் கடைக்குப் போகும்போது போனில் வீடியோ பார்த்தேன். முதல் பாடம் இத்தாலியன். அதை முதல் நாளே பாதியில் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: லண்டன் ஆடுகிறவர்களை எப்படி மாட்டிவிடுவது?

அதற்கும் வீடியோ இருந்தது. லண்டனில் பிஷப் சீக்கிரம் வெளியே போய்விடும். அது பாதுகாத்துக்கொண்டிருந்த சிப்பாய் அநாதையாக நிற்கும். ராணியைக் கொண்டுபோய் அதன் எதிரில் நிறுத்த வேண்டும். மூன்றாவது நகர்த்தல் அது, என் கையில் வரும். இரண்டாவதாக மாமா ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும்.

"அந்தச் சிப்பாய மட்டும் ரெண்டு கட்டம் தள்ளுங்க மாமா. வேற எதையும் யோசிக்காதீங்க."

"யோசிக்கச் சொன்னாத்தாம்மா கஷ்டம்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பலகைகளைப் போட்டார்கள். முதல் சுற்றிலேயே எங்களுக்கு எதிரே ஜேக்கப்பும் நோராவும். அவர்களுக்கு வெள்ளை. 

ஜேக்கப் என்னைப் பார்த்துச் சிரித்தார். ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாய்மேல் கையைக் கொண்டுபோனார். அதுதான் லண்டன். பிறகு கையை எடுத்து, பக்கத்தில் ராஜாவுக்கு முன்னால் இருந்ததைத் தள்ளினார்.

அது லண்டன் இல்லை. நோரா வெடுக்கென்று திரும்பி அவரைப் பார்த்தாள். பேச முடியாது.  வேறு ஒன்றும் படிக்காததால் படித்த காயையே வைத்தேன். நோரா அதை வெட்டினாள். மாமா, பாவம், யோசிக்காதீங்க என்றேனே, அப்படியே யோசிக்காமல் தன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். பக்கத்துப் பலகைக்காரர்கள் பாதி ஆடுவதற்குள் நாங்கள் தோற்று எழுந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எதுக்குய்யா மாத்தி ஆடுன?"

"உன் போன்ல இத்தாலியன் வீடியோ பாத்தேன். உனக்குத் தெரிஞ்சதையே ஆடுனா நீயும் கொஞ்ச நேரம் ஆடுவன்னுதான்."

"விட்டுக் குடுத்தியா?"

"நீ என் பொண்டாட்டிடி."

"நோராவுக்கு எதிர்ல ஆடுனா விட்டுக் குடுப்பியா?"

"அதுக்கு எதுக்கு விட்டுக் குடுக்கணும்? அது நல்லா ஆடும்."

தோற்றதுகூட அப்படி வலிக்கவில்லை. சோற்றுத் தட்டுகளை ஓரம் தள்ளிப் பலகையை நடுவில் வைத்தேன். "உக்காரு. நீ அவகூட ஆடுறதுக்கு வெச்சிருந்தியே, அத ஆடு. இன்னொரு தபா விட்டுக் குடுத்த, கொழம்பு கெடையாது."

ஆடினார். சிப்பாய், பிறகு பிஷப், பிறகு இன்னொரு சிப்பாய். நான் ராணியைக் கொண்டுபோய் அந்த அநாதைச் சிப்பாயின் எதிரில் நிறுத்தினேன்.

ஜேக்கப் கையை நீட்டினார். நிறுத்தினார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். ஒரு காயைத் தொட்டுவிட்டு விட்டார். குழம்பு ஆறியது. நான் சூடுபண்ணப் போகவில்லை.

"இது எங்கேந்து வந்துச்சு?" என்றார். "இரு, நோராவ ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

பலகையைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். எப்படியோ அடக்கிக்கொண்டேன். "கேளு. ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

காலையில் ஓப்பனிங்கை மாற்றிய கோபம் நோராவின் குரலில் இன்னும் இருந்தது. ஆனாலும் கேட்டாள். அவர் காய்கள் நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் தன் பலகையில் காய்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியலண்ணா" என்றாள் கடைசியில். பிறகு, "என்னை விட்டுட்டு யாருகூட லண்டன் ஆடிக்கினு கீறீங்க?"

அந்தக் குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். இத்தனை வாரமாக என் தொண்டைக்குள் இருந்த குரல் அது. ஜேக்கப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான்தான்மா, லிண்டா" என்றேன்.