எஸ்தர் பார்த்த இரண்டு செய்திகள்

1

இந்தக் கதையை முதலில் பொய்யாகத்தான் தொடங்கினேன். “எரிந்துகொண்டிருந்த தலைநகரத்தில் எஸ்தரின் மகன்…” என்று எழுதி, அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்தத் தலைநகரத்தை நான் பார்த்ததில்லை. பர் துபாயில் ஒரு சின்ன இணைய வானொலிக்குத் தமிழில் செய்தி எழுதுகிறவன் நான். எஸ்தர் எங்கள் கட்டடத்தின் செக்யூரிட்டி.

(அவள் நாடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சொன்னால் டி.வி.யில் பார்த்த ஏதோ ஒரு புகை உங்கள் மனதில் எழும். எஸ்தர் அதற்குப் பின்னால் மறைந்துவிடுவாள்.)

2

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு லீவு கிடைத்திருந்தது. வியாழக்கிழமை டிக்கெட். திங்களன்று அங்கே தேர்தல் நடந்தது. செவ்வாய் காலை, நாடே பற்றி எரிவதாக உலகச் சேனல்கள் சொல்லின. அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சியிலோ மக்கள் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனும் இன்டர்நெட்டும் துண்டிக்கப்பட்டிருந்தன. எஸ்தரின் ஒன்பது வயது மகன் அவள் அக்காவோடு அங்கே இருந்தான். சூப்பர்வைசர் லீவைத் தள்ளிப்போடச் சொன்னார். தள்ளிப்போட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

பிரேக்கில் அவள் மேலே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். எங்களுக்குள் பேச்சு வேலையிடத்து இந்தியில்தான். அதைத் தமிழில் எழுதும்போது அவள் வாயில் நானே வார்த்தையைப் போடுவதுபோல இருக்கிறது. அதனால் குறைவாகவே பேசவைக்கிறேன்.

“பாய், நீங்க நியூஸ் எழுதுறவர். எது உண்மை?”

பதினோரு வருடமாகச் செய்தி ஏஜென்சி அனுப்புவதைத் தமிழாக்குகிறேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அன்று காலைகூட “கலவர பூமியாக மாறிய…” என்று தலைப்பு எழுதிவைத்திருந்தேன். தெரியாது என்றேன்.

3

[இங்கே எஸ்தர் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அவள் அழவில்லை. எடுத்துவிட்டேன்.]

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உலகச் சேனல்கள், அரசுத் தொலைக்காட்சி இரண்டையும் ஓடவிடச் சொன்னாள். நான்கு உலகச் சேனல்களின் படங்களையும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே தெரு என்றாள். ஒரு மருந்துக்கடைப் போர்டைக் காட்டினாள். நான்கிலும் அது இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவாம். அவள் வீடு நகரத்தின் மறுகோடியில். அந்தத் தெருவில் இருவர் இறந்ததாகச் செய்தி சொன்னபோது மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

பிறகு அரசுத் தொலைக்காட்சி. கூட்டம் ஆடிக்கொண்டிருந்த சந்தையின் கூரை நீலத்தில் இருந்தது. போன வருடமே அதைப் பிரித்துவிட்டுச் சிவப்புத் தகடு போட்டார்கள், அக்கா போட்டோ அனுப்பியிருந்தாள் என்றாள். படம் பழையது.

“ரெண்டு பேருமே என் ஊரைக் காட்டலை,” என்றாள். கோபம் இல்லை. தெளிந்த முகமாக எழுந்து டியூட்டிக்குப் போனாள்.

நான் செய்தியை மாற்றி எழுதினேன்: ஒரு தெருவில் வன்முறை, இருவர் மரணம்; மற்ற பகுதிகளின் நிலை நமக்குத் தெரியவில்லை. எடிட்டர் விஜயபாஸ்கர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தெரியலைங்கிறதெல்லாம் ஒரு நியூஸா பாய்?”

“இன்னைக்கு அதுதான் இருக்கு.”

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு அப்படியே ஒலிபரப்பில் வாசித்தார். பதினோரு வருடத்தில் நான் நிம்மதியாகக் கேட்ட செய்தி அது.

4

புதன் மாலை லைன் வந்தது. அக்கா பேசினாளாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் போலீஸ் நிற்கிறது. தேர்தல் முடிவு வரவில்லை. அக்கா வீட்டார் திங்களன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருட்டும்வரை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பையனுக்குக் கால் வளர்ந்துவிட்டது, வாங்கி வைத்த ஷூ பத்தாது. அதைச் சொல்லும்போதுதான் எஸ்தர் சிரித்தாள். இருவரும் மீனா பஜாருக்குப் போய் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினோம்.

5

இனி முடிவு. விமானம் இறங்கும்போது வெடிச்சத்தம் கேட்பதாக ஒன்று எழுதினேன். கொடியசைக்கும் கூட்டத்துக்கு நடுவே மகன் ஓடிவருவதாக இன்னொன்று எழுதினேன். இரண்டையும் எங்கேயோ பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரைச் சேர்க்காமல்.

எஸ்தர் லீவைத் தள்ளிப்போடவில்லை. கதை எழுதுவதை வியாழனன்று ஏர்போர்ட்டுக்குப் போகும் டாக்ஸியில் அவளிடம் சொல்லியிருந்தேன். இறங்கும்போது சொன்னாள்:

“ஏர்போர்ட் வரைக்கும் எழுதுங்க பாய். அதுக்கு மேல நீங்க பார்க்கலை.”

ஷூ டப்பா பெட்டிக்குள் அடங்கவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராலியைத் தள்ளினாள். திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது.