ஆறாவது கொடி

இசக்கிசெல்விக்கு ஓட வராது. பதினோராம் வகுப்பில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளையாட்டு விழாவில் வெளியே உட்கார்ந்து புள்ளி எழுதுகிற பிள்ளை அவள். ஆனால் அந்த வருஷம் சங்கரன்கோவில் பள்ளிகளுக்கு ஓரியன்டீரிங் என்ற விளையாட்டு வந்தது. கையில் ஒரு வரைபடமும் காம்பஸும் கொடுத்து, வெட்டவெளியில் ஆங்காங்கே கட்டிவைத்த கொடிகளை வரிசைப்படி தேடி வரச் சொல்வார்கள். ஒவ்வொரு கொடியிலும் ஒரு ஊசிக் கருவி தொங்கும். அதைக்கொண்டு அட்டையில் துளை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். வரைபடத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் போதும், ஓடை எங்கே வளைகிறது, மேடு எங்கே ஏறுகிறது என்று இசக்கிசெல்விக்குக் கண்ணுக்குள் வந்துவிடும்.

இரண்டு பேர் சேர்ந்ததுதான் ஒரு அணி. அவளோடு சேர்ந்தவள் செண்பகவல்லி, பாத்திரக்கடைக்காரர் மகள். குதிரை மாதிரி ஓடுவாள், ஆனால் கிழக்கு எது மேற்கு எது என்று சூரியனைப் பார்த்தும் சொல்லத் தெரியாது. ஒருத்தி கண், ஒருத்தி கால். பயிற்சிப் போட்டிகள் நான்கில் மூன்றை இருவரும் ஜெயித்தார்கள்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை பெரிய போட்டி. பதினான்கு பள்ளிகள். முதல் இரண்டு இடம் பிடிக்கிற அணிகளுக்கு ஏற்காட்டில் ஐந்து நாள் முகாம். செண்பகவல்லி அதற்குள் ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தாள்.

எந்த இடம் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. காலையில் பஸ் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி ஒரு குளத்தங்கரையில் நின்றபோதுதான் தெரிந்தது. இசக்கிசெல்விக்குப் பழக்கமான கரை அது. விசில் ஊதியதும், கவிழ்த்து வைத்திருந்த வரைபடத்தைத் திருப்பினாள். கீழ் மூலையில் பத்துப் பதினைந்து கறுப்புச் சதுரங்கள் கூட்டமாக இருந்தன. சின்னஊத்து. அவள் ஊர்.

அந்தச் சதுரங்களிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்பி, இடிந்த கிணறு ஒன்றை ஒட்டி வளைந்து, தார்ச்சாலையில் போய் முடிந்தது. கிணற்றடியில் கொடி இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஆறு என்று எண்.

அந்தக் கோட்டை அவள் காலுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு வரைக்கும் அந்த வண்டிப்பாதையில் நடந்துதான் பஸ்ஸைப் பிடித்தாள். பதினைந்து நிமிஷ நடை. நான்கு வருஷத்துக்கு முன்னால் பெரிய நிலக்காரர் ராஜதுரை இரண்டு பக்கத்து நிலத்தையும் வாங்கி, கல் ஊன்றி, முள்கம்பி இழுத்து, இரண்டு முனையிலும் கேட் போட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் போய்க் கேட்டார்கள். அங்கே பாதையே கிடையாது, சும்மா விட்டிருந்த நிலம் என்று சொல்லி அனுப்பினார். எங்கே போய் எதைக் காட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடக்கப் பழகிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் ஓடை முழங்காலுக்கு ஓடும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஈரப் பாவாடையோடு அரைமணி நேரம் கழித்துப் போய், அறிவியல் தேர்வு எழுத முடியாமல் அவள் திரும்பி வந்திருக்கிறாள்.

"என்னட்டி பாக்க? கெளம்பு" என்றாள் செண்பகவல்லி.

கிளம்பினார்கள். முதல் கொடி மதகடியில். இரண்டாவது காற்றாலைக்குத் தெற்கே முள்ளடர்ந்த உடைமரக் கூட்டத்துக்குள். மக்காச்சோளம் அறுத்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கால் வைத்தால் மடங்கியது. இசக்கிசெல்வி காலடியை எண்ணிக்கொண்டே வழி சொன்னாள், செண்பகவல்லி முன்னால் பாய்ந்து போய்த் துளை போட்டாள். ஐந்தாவது கொடியில் நின்ற வாத்தியார், "ஒங்களுக்கு முன்னால ஒரே ஒரு டீம்தான்" என்றார். நாற்பத்தோரு நிமிஷம் ஆகியிருந்தது. தொண்ணூறு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஆறாவது கொடிக்கு வந்தபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. வெளியே ஆரஞ்சுச் சட்டை மாட்டிய கல்லூரி மாணவன் ஒருவன் நின்றான். போட்டிக்கு உதவ வந்தவன், பெயர் மாரிச்செல்வம்.

"ஆறாம் நம்பர் கேன்சல். நேரா ஏழுக்குப் போங்க" என்றான்.

"ஏன் அண்ணே? கொடி அந்தா தொங்குதுல்லா?"

கம்பிக்கு உள்ளே ஐம்பது அடி தள்ளி, கிணற்றோரத்துப் பனைமரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

"காலைல ஜெபசிங் சார் கட்டும்போது கேட் தெறந்து கெடந்துச்சி. இப்ப தோட்டக்காரரு பூட்டிட்டாரு. உள்ள ஒருத்தரும் வரக்கூடாதுங்காரு."

ஜெபசிங் தென்காசிக்காரர். இந்தப் போட்டிக்கு வரைபடம் போட்டவர். இசக்கிசெல்வி புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது பாதைதான அண்ணே?"

"ஆமா, வண்டிப்பாதை. கிராமத்து சர்வே படத்துல இருக்கு. சார் தாலுகா ஆபீஸ்ல எழுதிக்குடுத்து காப்பி வாங்கித்தான் இதப் போட்டாரு."

அவள் விரலை எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் கிடைக்கிற ஒரு காகிதம். நான்கு வருஷமாக ஒரு ஊரே ஓடையைச் சுற்றியது அது இருப்பது தெரியாமல்தான்.

"வாட்டி, நேரம் போகுது" என்று செண்பகவல்லி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் வரல."

"என்னது?"

"ஆறுக்குப் போய்ட்டுத்தான் ஏழு."

"கேன்சல்னு சொல்லியாச்சில்லா. ஒனக்குக் கிறுக்கா?"

"நீ வேணா போ."

"ஒத்தையில போனா செல்லாது. ரெண்டு பேரும் சேந்துல்லா முடிக்கணும்." செண்பகவல்லியின் குரல் உடைந்தது. "ஏற்காடுட்டி."

இசக்கிசெல்வி கேட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவளைப் பார்த்தால் எழுந்துவிடுவோம் என்று பயந்து, கேட்டின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வம் யாருக்கோ போன் போட்டான். பின்னால் வந்த அணி ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. இன்னொன்றும் வந்தது.

ராஜதுரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி. சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

"சின்னஊத்து. பிச்சம்மாள் மக."

"பிச்சம்மா மகளா? ஒங்கம்மா அங்கன நம்ம சோளத்துலதான் கதிர் ஒடிக்கா. கூப்பிடவா?"

"கூப்பிடுங்க அண்ணாச்சி."

அவர் புருவம் ஒரு கணம் மேலே போனது. சின்னஊத்தில் அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மாவும் அப்படித்தான்.

"இது என் நிலம் பிள்ளை. வெளையாட வேற எடமா இல்ல? எந்திரி."

"வேலி ஒங்களுது. பாதை ஒங்களுது இல்ல அண்ணாச்சி. படத்துல போட்டிருக்கு."

"படத்துல ஆயிரம் இருக்கும். வெளையாட்டுக்கு எவனோ வரைஞ்சது."

"தாலுகா ஆபீஸ் படத்தப் பாத்து வரைஞ்சது. ஊர்க்காரங்க வந்து கேட்டப்ப, இங்கன பாதையே கெடையாதுன்னு சொன்னீங்க. எங்கப்பாவும் அன்னைக்கு வந்து நின்னாங்க. திரும்பி வந்து ரெண்டு நாள் வீட்டுல யார்கிட்டயும் பேசல."

அவர் வேலியின் கடைசிப் பக்கம் பார்த்து, பிச்சம்மாளை வரச்சொல்லிக் கைகாட்டினார். கொஞ்ச நேரத்தில் பிச்சம்மாள் சேலையைத் தூக்கிச் செருகியபடி ஓடிவந்தாள். தலையில் சோளச் சருகு. மகளையும் முதலாளியையும் கூடி நின்ற பிள்ளைகளையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஒம் மகள எந்திரிக்கச் சொல்லு" என்றார் ராஜதுரை. "இல்லன்னா நாளைல இருந்து ஒங்க தெருவுல ஒருத்தியும் என் காட்டுப் பக்கம் வரவேண்டாம்."

பிச்சம்மாள் மகள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "அதுல நம்ம பாதை இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கும்மா. இந்தா."

விரல் காட்டிய இடத்தைப் பிச்சம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், வரைபடம் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஒதுங்கி நின்றாள். எழுந்திரு என்று அவள் வாயில் வரவே இல்லை.

அதுவரை ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லிதான் முதலில் எழுந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுபது நிமிஷம் முடிந்திருந்தது. "இங்கனயே சாயங்காலம் வரைக்கும் நிக்கவா? போட்டுத் தொலைச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு, தரையோடு படுத்து, கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டாள்.

இசக்கிசெல்வியும் நுழைந்தாள். சட்டை முதுகில் கிழிந்தது. பின்னால் ராஜதுரை, "ஏலே, பிடிங்கலே அதுகள" என்று யாரையோ அழைக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தரும் வரவில்லை. மாரிச்செல்வம் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், இரண்டு பள்ளிப் பிள்ளைகள் கம்பியோரம் நின்றார்கள், பிச்சம்மாள் கேட்டின் குறுக்கே நின்றாள்.

"ஓடுட்டி" என்றாள் செண்பகவல்லி.

"ஓட மாட்டேன். இது பாதை. நடந்துதான் வருவேன்."

நடந்தாள். உழுது போட்ட மண்ணுக்கு அடியில் பழைய வண்டித்தடம் இறுகிக் கிடந்தது காலில் தட்டியது. பனைமரத்தடியில் நின்று ஆறாவது கட்டத்தில் துளை போட்டாள். அங்கிருந்து திரும்பாமல், பாதை போகிற போக்கில் அடுத்த முனை வரை நடந்து, அந்தக் கேட்டுக்கும் அடியில் நுழைந்து தார்ச்சாலையில் ஏறினார்கள்.

ஒன்பது கொடிக்கும் துளை போட்டுக்கொண்டு முடிவிடத்துக்கு வந்தபோது நூற்றுப் பன்னிரண்டு நிமிஷம். நேரம் கடந்ததால் அவர்கள் அணி கணக்கில் இல்லை என்றார்கள். வரைபடத்தைத் திருப்பிக் கேட்டார்கள். "தரமாட்டேன்" என்றாள் இசக்கிசெல்வி. ஜெபசிங் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிடச் சொன்னார். அந்தப் படத்தின் பின்பக்கத்திலேயே கிராமத்து சர்வே எண்ணையும், யாருக்கு எப்படி மனு எழுத வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். செண்பகவல்லி திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் குருசாமி இருவரையும் கூப்பிட்டார். ராஜதுரை போன் பண்ணியிருந்தார். "அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்ததற்கு வருந்துகிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விஷயம் இதோட முடியட்டும்."

"நான் பாதையிலதான் நடந்தேன் சார். அப்படி வேணா எழுதித் தாரேன்."

"எழுதலன்னா எந்த டீம்லயும் ஒம் பேரு வராது."

"வரலன்னா பரவால்ல சார்."

தலைமையாசிரியர் செண்பகவல்லி பக்கம் திரும்பினார். "நீயாவது எழுதும்மா. ஒன்ன இவதான இழுத்துட்டுப் போனா?"

"இல்ல சார்" என்றாள் செண்பகவல்லி, தரையைப் பார்த்தபடி. "மொதல்ல நுழைஞ்சது நான்."

வெளியே வந்ததும் இசக்கிசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத. ஒம்மேல கோவமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி போய்விட்டாள்.

ராஜதுரை சொன்னபடி செய்தார். சின்னஊத்துப் பெண்களுக்கு அவர் காட்டில் வேலை இல்லை என்றாகிவிட்டது. மூன்று பேர் வீட்டு வாசலில் வந்து பிச்சம்மாளைத் திட்டினார்கள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். இசக்கிசெல்வி அடுப்படியில் போய் நின்றாள்.

"எழுதிக் குடுத்துரட்டாம்மா?"

பிச்சம்மாள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதுனியோ, ஒன்ன வீட்டுக்குள்ள விடமாட்டேன். நான் புளியங்குடிக்கு எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கப் போறேன். நீ மனுவ எழுது."

எழுதினாள். முதல் மனுவில் ஊரில் நான்கு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவதில் இருபத்தாறு பேர், திட்டிவிட்டுப் போன மூன்று பேரும் அதில் இருந்தார்கள். ஐம்பத்தெட்டு நாள் கழித்து சர்வேயர் வந்து அளந்தார். மண்ணுக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கல் இரண்டு அகப்பட்டன. கேட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ராஜதுரை கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. பூட்டு மட்டும் போய்விட்டது. ராஜதுரையின் ஆட்கள் கேட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவைப்பார்கள். காலை ஏழே காலுக்கு இசக்கிசெல்வி போய் முடிச்சை அவிழ்ப்பாள், பின்னால் பள்ளிப் பிள்ளைகளும் பெண்களுமாகப் பதினெட்டுப் பேர் நடப்பார்கள். மறுநாள் முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கும். அதையும் அவிழ்ப்பாள்.

அந்த வருஷம் ஜூலையில் போட்டிக்கு மறுபடி அறிவிப்பு வந்தது. குருசாமி சார் மாற்றலாகிப் போயிருந்தார். இடைவேளையில் செண்பகவல்லி அவள் மேசை முன்னால் வந்து நின்றாள். ஐந்து மாதமாக இருவரும் அளவோடுதான் பேசியிருந்தார்கள்.

"பேர் குடுக்கப் போறேன். ஒன்னயச் சேத்து."

"ம்."

"ஆனா இந்தத் தடவ எங்கனயும் உக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

இசக்கிசெல்வி யோசித்துப் பார்த்தாள்.

"பண்ண மாட்டேன்" என்றாள்.

செண்பகவல்லி அவளை முறைத்தாள். பிறகு பேனாவை வாங்கி, இரண்டு பெயரையும் எழுதினாள்.