சிவப்பு ஸ்கிரீனில் ஒரு பொட்டு

ஞானசம்பந்தத்தின் கை வரையாத உருவமே திருப்பூரில் கிடையாது. யானை, கரடி, கப்பல், கன்னம் உப்பிய வெள்ளைக்காரக் குழந்தை என்று அவன் வரைந்து, பனியனில் ஏறிக் கடல் தாண்டிப் போனவை ஏராளம். கட்டின பெண்டாட்டியை வரையத்தான் கை ஓடவில்லை. தெய்வாத்தாள் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கென்று ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு வந்த போட்டோக்கார மகராசன் பிலிமைச் சரியாக மாட்டாமலே நாள் முழுக்கப் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்துவிட்டுச் சாப்பிட்டுப் போயிருந்தான். ஆள்தான் பக்கத்தில் இருக்கிறாளே, படத்துக்கு என்ன அவசரம் என்று இவனும் விட்டுவிட்டான். இப்போது அந்த முகம் அவனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. முதலில் மோவாய் போயிற்று, அப்புறம் மூக்கு. போகிறதே என்று துக்கப்படவாவது வேண்டாமா? அதுவும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறவனைப்போல் வேலைக்கு வருவான், போவான், கொடுத்ததைத் தின்பான்.

வேலை அருள்புரத்தில், வெள்ளியங்கிரியின் பிரிண்டிங் பட்டறையில். தொண்ணூற்றாறாம் வருடம் அங்கே ஒரு புது ஆர்டர் வந்தது. சீமையில் எவனோ கிரேக்கத்துப் புராணக் கதையை வைத்து வீடியோ கேம் போட்டிருக்கிறான். அதில் வருகிறவர்களைக் குழந்தைகள் பனியனில் அச்சடிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆள் சந்தனம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், கேம் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து ஆபீஸ் டிவியில் மாட்டினான். கலர் பார்க்கத்தான் என்றான். சும்மா சொல்லக்கூடாது, கலரையும் ஒரு ஓரமாகப் பார்த்தான். மற்ற நேரமெல்லாம் ஆட்டம்தான்.

டிவிக்குள் ஒரு பாதாள உலகம் இருந்தது. கறுத்த ஆறு, அதில் காசு வாங்கிக்கொண்டு ஓடம் தள்ளும் கிழவன், மூன்று தலை நாய், அதற்கும் கீழே செத்தவர்களை ஆளும் ராஜா. பாம்பு கடித்துச் செத்த பெண்டாட்டியைத் தேடி ஒரு பாட்டுக்காரன், நம்மூர் யாழ் மாதிரி ஒன்றை மீட்டிக்கொண்டே அங்கே இறங்குவான். ராஜா மனம் இளகி, கூட்டிக்கொண்டு போ என்பான். ஒரே ஒரு நிபந்தனை. அவள் பின்னால் வருவாள், வெளியே போய்ச் சேரும்வரை இவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவள் புகையாகிவிடுவாள். சந்தனத்துக்குக் கட்டைவிரல் சும்மா இருக்காது. திரும்பிப் பார்க்கிற பொத்தானை அமுக்கி அமுக்கி அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பச் சாகடித்தான்.

"எனக்கு ஆவாது. நீங்க பிடிங்கண்ணே," என்று ஒருநாள் பொத்தான் வைத்த கட்டையைச் சம்பந்தத்தின் கையில் திணித்தான்.

சம்பந்தம் ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. பாட்டுக்காரன் நின்றான். அவளும் பின்னால் நின்றாள். அவனுக்குத்தான் அவள் தெரியமாட்டாள். டிவி பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் தெரிவார்கள். முகம் என்று சொல்ல அவளுக்கு எதுவுமில்லை, நான்கைந்து கலர்க் கட்டம்தான். சம்பந்தம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, நின்னுட்டிய? நடங்கண்ணே," என்றான் சந்தனம்.

"நிக்கட்டுமுங்க," என்றான் சம்பந்தம்.

பனியனுக்கு முன்பக்கம் பாட்டுக்காரன், முதுகுப்பக்கம் பெண்டாட்டி. அவள் முகத்துக்குச் சீமையிலிருந்து வந்த ஃபேக்ஸில் வெறும் கறுப்புத் திட்டுத்தான் இருந்தது. ஏதாவது ஒரு பொம்பளை முகத்தைப் போட்டுவிடச் சொல்லிச் சந்தனம் போய்விட்டான். சம்பந்தம் டிரேசிங் பேப்பரைப் போட்டு உட்கார்ந்தான். ஆச்சரியம் என்னவென்றால், கை தானாகப் போயிற்று. மூக்கு வந்தது, மோவாய் வந்தது, லேசாகத் தூக்கின புருவம் வந்தது. முடித்துவிட்டுப் பார்த்தான். தெய்வாதான். இரண்டு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தவள் வந்தேவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டான்.

சாம்பிள் போய், சரி என்று பதில் வந்தது. முழு லாட்டுக்கும் ஸ்கிரீன் எடுக்கும்போதுதான் வினை. ஒவ்வொரு கலருக்கும் தனி டிரேசிங், அதிலிருந்து சட்டத்தில் இழுத்துக் கட்டின வலைத்துணியில் ஒரு ஸ்கிரீன் அல்லவா? சிவப்பு என்பது பாட்டுக்காரன் மேல்துணிக்கும் அவள் அங்கியின் கரைக்கும் மட்டும். அந்தச் சிவப்பு டிரேசிங்கைச் சரிபார்க்க உட்கார்ந்தவனுக்கு, அவள் நெற்றி மொட்டையாக இருப்பது என்னவோபோல் இருந்தது. நடு நெற்றியில் ஒரு புள்ளி வைத்தான். வைத்ததுகூட அவனுக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்கிரீன் ஆயிற்று, மேசையில் துண்டு துண்டாக அச்சும் ஆயிற்று, தைத்து மடித்துப் பெட்டியும் கட்டிவிட்டார்கள்.

சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய செக்கிங் ஆள் பெட்டியைப் பிரித்தான். நெற்றியில் சிவப்புக் கறை என்று அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினான். அடுத்த பனியனிலும் ஒட்டினான். அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் கறை இருக்கவே, ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டுவிட்டு லாட்டையே ரிஜெக்ட் செய்துவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளியங்கிரி முகத்தில் ஈயாடவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அன்றைக்குக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தம், இதென்ன கூத்துங்க? அது சீமைக்காரிங்க. அதும் செத்துப்போனவ. செத்தவளுக்கு ஏதுங்க பொட்டு?"

சம்பந்தம் பனியனை வாங்கிப் பார்த்தான். அப்போதுதான் பொட்டு அவன் கண்ணில் பட்டது.

"அவ புருசன் உசுரோடதானுங்க இருக்கறான்," என்றான்.

வெள்ளியங்கிரி பனியனைத் திரும்ப வாங்கினார். தெய்வாத்தாளை நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத் தூக்கிப்போனபோது கூட நடந்தவர்தான் அவரும். சுமங்கலியாகப் போனவளை வேறு எப்படி அனுப்புவார்கள்? பனியனை மடித்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

அவர் உள்ளே போனாரே தவிர வேலை நிற்குமா? சீமையிலிருந்து புதுப் படம் வந்தது, மஞ்சள் முடியும் கண்ணாடிக் கண்ணுமாக ஒரு பெண். பழைய டிரேசிங்கைச் சந்தனம் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கிழித்துப்போட்டான். பழைய ஸ்கிரீனைச் சம்பந்தமே பிளீச்சிங் போட்டுக் கழுவினான். பிரேம் புதுப் படத்துக்கு வேண்டுமே. முகம் நுரையோடு சாக்கடைக்குப் போயிற்று. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தான். உள்ளே தெய்வா இல்லை. கழுவிய ஸ்கிரீன்தான் இருந்தது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தான். இனி அவள் முகம் இருப்பது அந்த ரிஜெக்ட் பனியன்களில்தான்.

கேம் கம்பெனி முத்திரை போட்ட சரக்கு வெளியே விலை போகக் கூடாது, வெட்டி வேஸ்ட்டாகத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. வேஸ்ட் எடுப்பவர் மீரா சாகிப். அவருடைய குடோனுக்குச் சம்பந்தம் சைக்கிளை மிதித்தான்.

"வாங்க தம்பி, மூச்சு வாங்குது. முதல்ல உக்காருங்க," என்றார் மீரா சாகிப்.

"அந்த ரிஜெக்ட் பனியன்ல ஒண்ணு வேணுமுங்க பாய். முதுகுப்பக்கம் முழுசா இருக்கோணும்."

"காலைலயே வெட்ட ஆரம்பிச்சாச்சுங்களே! ஒர்க்‌ஷாப்புக்கு எண்ணெய் துடைக்கக் கேட்டிருக்காங்க."

மலைபோல் குவிந்து கிடந்தது. இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து கிளறினார்கள். எடுத்ததிலெல்லாம் முகத்தின் குறுக்கே வெட்டு. ஒன்றில் வாய் மட்டும், ஒன்றில் ஒரு கண்ணும் பொட்டும். எதற்கு என்று மீரா சாகிப் கேட்கவே இல்லை. கடைசியில் அடியிலிருந்து முழுசாக ஒன்றை உருவி, தூசி தட்டி, அவரே நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஊத்துக்குளிக்குப் போனான். மாமியார் மயிலாத்தாள் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமும் மகளின் படம் ஒன்றும் இல்லை. இதைக் கொடுத்தால் அழுவாள், அழுது தீர்த்துவிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க மாப்பிள்ளை. என்னங்க இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க?"

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பனியனை விரித்துக் காட்டினான். மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாதவள்.

"லச்சணமா இருக்கறா," என்றாள். "ஆருங்க மாப்பிள்ளை இது?"

"நல்லாப் பாருங்க அத்தை."

மறுபடி பார்த்தாள். "சினிமாக்காரிங்களா?"

சம்பந்தம் பனியனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மூக்கைப் பார்த்தான், மோவாயைப் பார்த்தான். எங்கோ பார்த்த பெண்தான். யார் என்று அவனுக்கும் தெரியவில்லை. எத்தனை பொம்மை போட்ட கை! போடுகிற மூக்கைத்தான் இங்கேயும் போட்டிருக்கிறது. அவனுக்குப் பயமாக இருந்தது.

"வீடியோ வெளாட்டுல வர்ற பொண்ணுங்க," என்றான்.

பனியனை மடியில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அத்தை, தெய்வாவுக்கு மூக்கு எப்பிடிங்க இருக்கும்?"

மயிலாத்தாளின் கண் பனியனுக்குப் போயிற்று, மாப்பிள்ளை முகத்துக்குப் போயிற்று. எதிரே வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு, முகத்தை அவன் பக்கம் நிமிர்த்திக் காட்டினாள்.

"என்ற மூக்குத்தானுங்க அவளுக்கு," என்றாள். "பாத்துக்கங்க."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.